16 வயசுக்குக் கீழ சோஷியல் மீடியா தடை: கோர்ட் சொன்னது சரியா, இல்ல பெத்தவங்கதான் பார்த்துக்கணுமா?

வைகைக்கரை_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுனதில்ல. இன்னிக்கு எழுதியே ஆகணும்னு இருக்கு.

2025 டிசம்பர்ல நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளைல ஒரு உத்தரவு வந்துச்சு, பேப்பர்ல பார்த்திருப்பீங்க. 2018ல போட்ட பொதுநல வழக்கு அது. அதுல கேட்டது சின்ன விஷயம்தான், நெட் கனெக்‌ஷன் குடுக்குற கம்பெனிகளே பெத்தவங்க கையில ஒரு கன்ட்ரோலைக் குடுக்கணும், ஆபாச சைட்டெல்லாம் பிள்ளைங்க போன்ல வராம நாமளே அடைச்சு வச்சுக்கிற மாதிரி. ஏழு வருஷம் கழிச்சு உத்தரவு வந்தப்ப, ஆஸ்திரேலியா மாதிரி 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஒரு சட்டம் கொண்டு வர முடியுமானு மத்திய அரசு யோசிக்கட்டும், அதுவரைக்கும் விழிப்புணர்வு வேலையை நல்லா செய்யுங்கனு சொல்லிருக்காங்க. பிள்ளைங்க விஷயத்துல பெத்தவங்க பொறுப்பு கூடுதல்னும் அதுல இருக்கு.

அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஏன்னு சொல்றேன்.

எம்மக ஒன்பதாவது படிக்கிறா. ஒரு கேம் விளையாடுவா, அதுலயே பேசிக்கிற மாதிரி சாட் இருக்கு. அதுல பொம்பளப்பிள்ளை பேர்ல ஒருத்தன் பழகிருக்கான். அவளோட யூனிஃபார்ம் போட்டோ ஒண்ணு, சாதாரண போட்டோதான், கேட்டு வாங்கிருக்கான். அப்புறம் அதை ஏதோ ஏஐ ஆப்ல போட்டு அசிங்கமா மாத்தி அவளுக்கே அனுப்பி, இன்னும் போட்டோ குடு, இல்லனா உங்க கிளாஸ் குரூப்ல போட்டுருவேன்னு மிரட்டிருக்கான். ரெண்டு மாசம். ரெண்டு மாசமும் எம்பிள்ளை என்கூடதான் படுத்துத் தூங்குச்சு, நான் பரிமாறுன சோத்தைத்தான் சாப்பிட்டுச்சு, எனக்கு ஒண்ணுமே தெரியல. கடைசியா அவ அத்தை மகட்ட அழுதிருக்கா, அந்தப் பிள்ளைதான் வந்து என்ட்ட சொல்லுச்சு.

ஏன்டி என்ட்ட சொல்லலன்னு கேட்டேன். "நீங்கதானம்மா சொன்னீங்க" அப்படின்றா. என்னன்னா, அதுக்கு முன்னாடி ஒருநாள் வேற ஒரு பிள்ளையைப் பத்தி டிவில நியூஸ் ஓடிட்டு இருந்தப்ப, சாப்பிட்டுக்கிட்டே நான் சொல்லிருக்கேன், எம்மகளா இருந்தா போனை உடைச்சுப்போட்டு ஸ்கூலை விட்டே நிப்பாட்டிருப்பேன்னு. அது அவ மனசுல அப்படியே நின்னுருச்சு.

இப்ப என் கேள்வி ரெண்டு. அந்தத் தடைச் சட்டம் முன்னாடியே இருந்திருந்தா எம்பிள்ளைக்கு இது நடந்திருக்காதா? இல்ல இது முழுக்க என் தப்புதானா? மனசார பதில் சொல்லுங்க.

கறார்_அப்பா

சகோதரி, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பொண்ணு நல்லா இருக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா 14 வயசுப் பொண்ணு கையில எதுக்குங்க போன்? எங்க வீட்ல பையன் பதினொண்ணாவது, இன்னும் போன் கிடையாது. வீட்டு கம்ப்யூட்டர் ஹால்ல இருக்கு, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி, வேணும்னா அதுல படிக்கட்டும். எதுக்கெடுத்தாலும் அரசாங்கம் தடை பண்ணணும் கோர்ட்டு தடை பண்ணணும்னா, பெத்தவங்க நாம எதுக்கு இருக்கோம்? இன்னிக்கு குழந்தைக்காகன்னு ஒரு பூட்டு போடுவாங்க, நாளைக்கு அதே பூட்டை நம்ம வாயில போடுவாங்க. நான் தடைக்கு எதிரிதான். ஆனா அதுக்காகப் பெத்தவங்க பொறுப்பைக் கைகழுவக் கூடாது.

வைகைக்கரை_அம்மா

அண்ணே நீங்க சொல்றது புரியுது. ஆனா அது அவ போன் இல்ல, வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். அவுங்க அப்பா மஸ்கட்ல இருக்காரு, ராத்திரி வீடியோ கால் அதுலதான். ஸ்கூல்ல ஹோம்வொர்க் வாட்ஸ்ஆப்ல வருது. கொரோனா சமயம் ஆன்லைன் கிளாஸ்னு சொல்லி போன் வாங்குங்கனு சொன்னதே ஸ்கூல்தான், அப்ப அவ நாலாவது. வாட்ஸ்ஆப்புக்கு 13 வயசு ஆகணும்னு விதி இருக்குறதே எனக்கு இப்பதான் தெரியும். ஹாலும் பெட்ரூமும் எங்க வீட்ல ஒண்ணுதான்.

பழைய_பிரவுசிங்_சென்டர்

கறார் அப்பா சொன்ன அந்த "எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி" விஷயத்துல எனக்கு ஒரு அனுபவம் இருக்கு, சொல்லணும்.

நான் தஞ்சாவூர் பக்கம் பதினஞ்சு வருஷத்துக்கு கிட்ட பிரவுசிங் சென்டர் வச்சிருந்தேன். 2011ல மத்திய அரசு சைபர் கஃபே விதிகள்னு கொண்டு வந்தாங்க. அதுல என்னென்ன இருந்துச்சு தெரியுமா, வர்றவங்க ஐடி கார்டு பாக்கணும், ரெஜிஸ்டர் போடணும், யாரு எந்த சிஸ்டம்ல உக்காந்தாங்கன்ற கணக்கை ஒரு வருஷம் வச்சிருக்கணும், கேபினோட தடுப்பு நாலரை அடிக்கு மேல இருக்கக் கூடாது, கேபின்ல இல்லாத சிஸ்டமெல்லாம் ஸ்கிரீன் வெளிப்பக்கம் தெரியுற மாதிரி திருப்பி வைக்கணும், சின்னப் பசங்களைப் பெரியவங்க துணை இல்லாம கேபினுக்குள்ள விடக்கூடாது. நான் ஆசாரியைக் கூப்பிட்டு நல்லா இருந்த பிளைவுட்டை எல்லாம் அறுத்து நாலரை அடி ஆக்குனேன். கோவம்தான் அப்ப, செலவு வேற. ஆனா உண்மையைச் சொல்றேன், அதுக்கப்புறம் கடைல அந்த மாதிரி பாக்குறது நின்னு போச்சு. பையன் தலைக்கு மேல ஒரு ஆள் நடமாட்டம் இருந்தாலே போதும்.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. ஆறு மாசத்துல என் கடை காலி. என்கிட்ட அரை மணிக்குப் பத்து ரூபா குடுத்துட்டு உக்காந்த அதே பையன் இப்ப போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு பாக்குறான். நாலரை அடித் தடுப்புக்கு விதி போட்ட நாட்ல போர்வைக்கு என்ன விதி போட முடியும்?

ஆனா நான் கேக்குறது வேற. அன்னிக்கு என் கடைல தப்பு நடந்தா போலீஸ் அந்தப் பையனோட அப்பாவைத் தேடி வரல. என்னைத்தான் தேடி வந்தாங்க. ஏன்னா கடை என்னுது, காசு வாங்குனது நான். இன்னிக்கு கடை யாருது? அந்த கேம் கம்பெனிது, அந்த ஆப் கம்பெனிது. ஒரு பெரிய ஆளு ஒரே நாள்ல நூறு சின்னப் பிள்ளைங்களுக்கு மெசேஜ் போடுறான்னா அது அந்தக் கம்பெனிக்குத் தெரியும்ல? மஸ்கட்ல இருக்குற அப்பாவுக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் அரசாங்கமா அப்பா அம்மாவானு ரெண்டு பக்கமாவே பேசுறோம், நடுவுல கல்லாப்பெட்டில உக்காந்திருக்குறவனை விட்டுர்றோம்.

நெட்வொர்க்_தம்பி

நான் ஒரு இன்டர்நெட் கம்பெனில வேலை பாக்குறேன், சைட் பிளாக் பண்ணச் சொல்லி வர்ற ஆர்டரை எல்லாம் செயல்படுத்துற டீம் பக்கத்து சீட். வைகைக்கரை அக்கா கேட்ட முதல் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

அக்கா, அந்த ஆஸ்திரேலியா சட்டம் 2025 டிசம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூட்யூப், ரெட்டிட், ட்விச், கிக், இந்தப் பத்துலயும் 16 வயசுக்குக் கீழ அக்கவுன்ட் இருக்கக் கூடாது. மீறுனா கம்பெனிக்கு 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் அபராதம், பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும் ஒண்ணும் கிடையாது. பழைய பிரவுசிங் சென்டர் அண்ணன் சொல்ற அந்தக் கல்லாப்பெட்டி விஷயம் அதுல இருக்கு, அது எனக்கும் பிடிச்சிருக்கு.

ஆனா ஆன்லைன் கேமும் மெசேஜ் ஆப்பும் அந்தத் தடைக்குள்ள வராது. விலக்கு குடுத்துருக்காங்க. வாட்ஸ்ஆப், ரோப்லாக்ஸ், டிஸ்கார்ட் எல்லாம் வெளியதான். அதாவது உங்க பாப்பாவுக்கு நடந்தது ஒரு கேம் சாட்ல, அதே சட்டத்தை அப்படியே இங்க போட்டிருந்தாலும் அது நடந்திருக்கும்க்கா. உங்களைக் கஷ்டப்படுத்த சொல்லல, சட்டம் வந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு நம்பி உக்காந்துறக் கூடாதுன்னு சொல்றேன்.

அடுத்து நம்ம ஊர்ல பிளாக் பண்ற லட்சணம். 2012ல ஒரு தமிழ்ப் படத்தோட திருட்டுக் காப்பியைத் தடுக்கணும்னு சென்னை ஹைகோர்ட்ல பொதுவா ஒரு ஆர்டர் வாங்குனாங்க, கம்பெனிங்க பயந்துக்கிட்டு விமியோன்ற வீடியோ சைட் மாதிரி முழு சைட்டையே அடைச்சாங்க, அப்புறம் கோர்ட்டே அந்தந்த லிங்க்கை மட்டும்தான் அடைக்கணும்னு விளக்கம் சொல்ல வேண்டியதாச்சு. 2014 கடைசில 32 சைட் அடைச்சதுல கிட்ஹப் மாட்டுச்சு, புரோகிராம் எழுதுறவன் எல்லாம் தவிச்சுப்போனான். 2015 ஜூலை 31ல 857 ஆபாச சைட்டை அடைக்கச் சொல்லி ஆர்டர், அந்த லிஸ்ட்ல சும்மா ஜோக் போடுற சைட்டும் இருந்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள பின்வாங்கிட்டாங்க. 2018ல உத்தரகாண்ட் ஹைகோர்ட் சொல்லி மறுபடி 827. அது இன்னிக்கும் அடைச்சுதான் இருக்கு, யாராவது அதனால நிறுத்துனதா எனக்குத் தெரியல, பேர்ல ஒரு எழுத்தை மாத்திட்டு அதே சைட் மறுநாள் வந்து நின்னுச்சு.

டிக்டாக் கதையும் அதேதான். அதை முதல்ல நிறுத்தச் சொன்னதே நம்ம மதுரைக் கிளைதான், 2019 ஏப்ரல் 3ல. பிள்ளைங்க பாதுகாப்புதான் காரணம். ஆப் ஸ்டோர்ல இருந்து தூக்குனாங்க, ஆனா ஏற்கெனவே போன்ல இருந்தவங்களுக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, ஏப்ரல் 24ல தடையை கோர்ட்டே எடுத்துருச்சு. 2020 ஜூன் 29ல மத்திய அரசு வேற காரணத்துக்காக ஒரேயடியா தடை பண்ணுச்சு. பத்து நாள்கூட ஆகல, ஜூலை 8ல இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியால இறக்கிட்டாங்க.

கறார்_அப்பா

தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்றேன். தடை வேலைக்கு ஆகாது. பெத்தவங்க கண்டிப்புதான் வழி.

பிளஸ்டூ_முடிச்சவன்

நான் இப்ப காலேஜ் ஃபர்ஸ்ட் இயர். இங்க எல்லாரும் பெரியவங்களா பேசுறீங்க, அந்த வயசைத் தாண்டி ரெண்டு வருஷம்தான் ஆன ஒருத்தனா நானும் சொல்றேன்.

இன்ஸ்டால அக்கவுன்ட் ஓபன் பண்ணும்போது நான் ஏழாவது. பிறந்த வருஷம் 1998னு போட்டேன். எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அப்படித்தான். எங்க அம்மாவுக்கு மெசேஜ் திறந்து பாக்கத் தெரியாது, பேங்க் ஓடிபியா இருந்தாலும் சரி கேஸ் புக்கிங்கா இருந்தாலும் சரி நான்தான் பார்த்து சொல்லுவேன், அந்த போனை செட் பண்ணிக் குடுத்ததே நான்தான். இப்ப 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க சம்மதத்தை உறுதி பண்ணிக்கணும்னு இருக்கு, அதுக்கான விதியும் 2025 நவம்பர்ல வந்துருச்சு. நல்ல எண்ணம்தான், பிள்ளைங்களைக் குறிவச்சு விளம்பரம் காட்டக் கூடாதுன்னு அதுல இருக்குறது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த சம்மதம் ஒரு ஓடிபியா வந்தா, எங்க அம்மா சார்பா சம்மதம் குடுக்கப்போறது யாரு? என் தம்பிதான்.

கறார் அப்பா சார், உங்க பையன்கிட்ட போன் இல்லன்றீங்க. எங்க செட்ல போன் இல்லாத பசங்க இருந்தாங்க சார். அவங்க கூட்டாளி போன்ல அக்கவுன்ட் வச்சிருப்பாங்க. பிரச்சினை வந்தா அவன்தான் ரொம்ப மாட்டுவான், ஏன்னா அக்கவுன்ட் இருக்குறதே வீட்டுக்குத் தெரியாது, அப்ப நடந்ததை எப்படிப் போய்ச் சொல்லுவான்? உங்க பையன் அப்படின்னு சொல்லல சார், ஆனா ஒருதடவை யோசிங்க.

இன்னொண்ணு. நெட்ல கெட்டது மட்டும் இல்ல. எங்க ஊர்ல டியூஷன் கிடையாது, நான் மேத்ஸ் படிச்சது யூட்யூப்ல. தன் உடம்புல என்ன நடக்குதுன்னு, மனசு ஏன் இப்படி இருக்குன்னு வீட்ல கேக்க முடியாத பிள்ளைங்க அங்கதான் போய்த் தேடுது. மொத்தமா அடைச்சா அந்தப் பிள்ளை யார்கிட்ட போகும்?

திருப்பூர்_செக்கிங்

வணக்கமுங்க. நான் பனியன் கம்பெனில செக்கிங் வேலைக்குப் போறேனுங்க. காலைல எட்டரைக்குப் போனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வருவனுங்க, சீசன்ல அதுக்கும் மேல. வீட்டுக்காரருக்கும் அதே நேரந்தானுங்க. பையன் எட்டாவது, பொண்ணு ஆறாவது, நாலு மணில இருந்து ஒம்பது மணி வரைக்கும் அதுகளும் அந்த போனுந்தானுங்க.

பொறுப்பு பொறுப்புன்னு எல்லாரும் சொல்றீங்க, எங்களுக்குப் பொறுப்பு இல்லீங்களா? பொறுப்பு இருக்கறதுனாலதானுங்க ஓவர்டைம் பாக்கறோம். போனைப் புடுங்கி வெச்சா அதுக ரோட்டுக்குப் போயிருதுக, ரோடு இங்க அதைவிட பயமா இருக்குதுங்க. வீட்ல ஒரு பெரிய மனுசி இருந்தாப் பரவால்ல, மாமியா ஊர்ல. தடை போட்டா எங்கள மாதிரி ஆளுகளுக்கு ஒரு நிம்மதி வரும்னு நினைச்சு நான் தடை வேணும்னுதான் நினைச்சுட்டு இருந்தனுங்க. இப்ப தம்பி சொல்றதைப் பாத்தா கேமெல்லாம் அதுல வராதுங்கறாரு, அப்பறம் என்னத்துக்குங்க அந்தத் தடை, என்ற பையன் பாக்கறதே கேமுதானுங்களே.

யாழ்_நல்லூரான்

நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட அனுபவத்தையும் ஒருக்கா கேளுங்கோ.

இலங்கையில 2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு நிறைவேறினது. பிள்ளையளையும் பெண்களையும் இணையத்தில துன்புறுத்துறதைத் தடுக்கத்தான் எண்டு சொல்லித்தான் கொண்டு வந்தவை. உள்ள போய்ப் பாத்தா, ஜனாதிபதி நியமிக்கிற ஐஞ்சு பேர் கொண்ட ஆணைக்குழு எது பொய்யான கூற்று எண்டு தீர்மானிக்கும், அதை நீக்கச் சொல்லும், தளத்தையே முடக்கச் சொல்லி உத்தரவு எடுக்கலாம். ஊடகக்காரரும் சட்டத்தரணிகளும் எவ்வளவோ எதிர்த்தும் நிறைவேத்திப் போட்டினம்.

இதுக்கு முதலும் 2018 மார்ச் கண்டிக் கலவரத்தில, 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2022 ஏப்ரலில ஆர்ப்பாட்டம் நடக்கேக்க எண்டு சமூக வலைத்தளத்தை மூடினவை. மூடின அண்டே எங்கட வீட்டில பன்னிரண்டு வயசுப் பிள்ளைதான் எல்லாருக்கும் விபிஎன் எண்டு தடையைச் சுத்திப் போற செயலியைப் போட்டுத் தந்தது. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு எந்தத் தடையும் தடையில்லை. கறார் அப்பா சொன்ன பூட்டு விஷயத்தில நான் அவரோட நிக்கிறன். பிள்ளையின்ர பேரைச் சொல்லி வாற அதிகாரம் பிள்ளையோட நிக்காது.

ஆனா அதுக்காக அந்த மதுரை அம்மாவைத் தனிய விடச் சொல்லேல்ல. கொம்பனிக்குப் பொறுப்பு வையுங்கோ, அரசாங்கத்துக்கு ஆர் என்ன கதைக்கிறது எண்டு பாக்கிற அதிகாரத்தைக் குடுக்காதேங்கோ. ரெண்டும் வேற வேற.

நெட்வொர்க்_தம்பி

யாழ் அண்ணா சொன்ன விபிஎன் விஷயம் உலகம் பூரா அப்படித்தான். பிரிட்டன்ல 2025 ஜூலை 25ல இருந்து ஆபாச சைட்டுக்கு வயசை நிரூபிச்சாத்தான் உள்ள விடணும்னு வந்துச்சு, அந்த வாரம் அங்க ஆப் ஸ்டோர்ல முதல் இடத்துல நின்னதெல்லாம் விபிஎன் ஆப்தான்.

வயசை நிரூபிக்க எல்லாரும் ஐடி கார்டு குடுக்குறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2025 அக்டோபர்ல டிஸ்கார்ட் ஒத்துக்கிட்டாங்க, அவங்களுக்கு வேலை செஞ்ச வெளிக் கம்பெனி ஒண்ணுல இருந்து ஏறத்தாழ 70,000 பேரோட அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளிய போயிருக்கலாம்னு. வயசு சரிபார்க்கன்னு மக்கள் குடுத்த படமெல்லாம் அதுல இருந்துச்சு. நம்ம ஊர்ல ஆதாரைக் கேட்டு வாங்கி வச்சா என்னாகும்னு நினைச்சா எனக்கு பயமாதான் இருக்கு.

டீச்சர்_விருதுநகர்

தடை, பொறுப்புன்னு பேசிக்கிட்டே எல்லாரும் அந்தப் பிள்ளையை விட்டுட்டோம். வைகைக்கரைம்மா, முதல்ல உங்க ரெண்டாவது கேள்விக்கு. உங்க தப்பு இல்ல. அந்த வார்த்தை சொல்லாத வீடு விருதுநகர் மாவட்டத்துல ஒண்ணு இருக்குமானு தெரியல. ஸ்கூல்ல நாங்களும் அதேதான் சொல்றோம், போன் கொண்டு வந்தா புடுங்கி வச்சுருவோம், அப்பாவைக் கூட்டிட்டு வரணும்னு. அப்புறம் ஒரு பிள்ளைகூட எங்ககிட்ட வந்து சொல்லலையேன்னு மீட்டிங்ல வருத்தப்படுறோம்.

இப்ப செய்ய வேண்டியது. அந்த சாட்டையும் ஐடியையும் அழிச்சுறாதீங்க. அவனை பிளாக் பண்ணுங்க, ஆனா அதுக்கு முன்னாடி அவன் ஐடி பேரு, மிரட்டுன மெசேஜ், தேதி எல்லாம் குறிச்சு வைங்க. அந்த மாத்துன படத்தை மட்டும் சொந்தக்காரங்களுக்கோ வாட்ஸ்ஆப் குரூப்புக்கோ "பாருங்க என்ன பண்ணிருக்கான்"னு அனுப்பிறாதீங்க, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி படி அப்படி அனுப்புறதும் குற்றம். நிறைய வீட்ல நியாயம் கேக்குறோம்னு இதைப் பண்ணித்தான் படம் பரவுது. 1098க்கு போன் பண்ணுங்க, குழந்தைகள் உதவி எண். மத்திய அரசோட சைபர்க்ரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் புகாருக்குத் தனிப் பகுதி இருக்கு, பேர் சொல்லாமலும் குடுக்கலாம். "டேக் இட் டவுன்"னு ஒரு இலவச சேவை இருக்கு, 18 வயசுக்குக் கீழ எடுத்த படத்துக்கு, படத்தை எங்கயும் அனுப்ப வேண்டியதில்ல, உங்க போன்லயே அதுக்கு ஒரு அடையாள எண் மட்டும் உருவாகும், அதை வச்சு அதுல சேர்ந்த பெரிய கம்பெனிங்க படம் அவங்க தளத்துல ஏறாம தடுப்பாங்க.

இன்னொண்ணு சொல்லணும். பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்குற போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிஞ்சா டீச்சர் போலீஸ்ல சொல்லியாகணும், சொல்லாம மறைச்சா அதுக்கே தண்டனை உண்டு. இது தெரியாத ஹெச்எம் இன்னும் இருக்காங்க, ஸ்கூல் பேரு கெட்டுரும்னு பேசி முடிக்கப் பாப்பாங்க. விட்டுறாதீங்க.

2017ல ஞாபகம் இருக்கா, பிள்ளைங்களைத் தற்கொலைக்குத் தூண்டுதுன்னு சொல்லி ப்ளூ வேல் கேம்னு ஊரே நடுங்குச்சு? மதுரைப் பக்கம் ஒரு காலேஜ் பையன் சாவையும் அதோட சேர்த்துப் பேசுனாங்க, கேமைத் தடை பண்ணணும்னு கோர்ட் வரைக்கும் போச்சு. அப்புறம் அந்த விளையாட்டாலதான் சாவு நடந்துச்சுன்றதுக்கு ஆதாரம் கிடைக்கலன்னு மத்திய அரசே நாடாளுமன்றத்துல சொல்லுச்சு. ஆனா அந்த மாசம் பூரா எங்க ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னா பிள்ளைங்க கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், கீறல் இருக்கானு. ஒரு பிள்ளைட்டயாவது உனக்கு என்னப்பா கஷ்டம்னு கேட்டமா? நான் கேக்கல. அது இன்னும் எனக்கு உறுத்துது.

கறார்_அப்பா

நேத்து ராத்திரி பூரா இந்த இழையைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன். நான் இன்னும் சொன்னதைத்தான் சொல்றேன், 16 வரைக்கும் தனி போன் வேண்டாம், அரசாங்கத் தடையும் வேண்டாம். ஆனா திருப்பூர் அம்மா எழுதுனதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் ஆறு மணிக்கு வீட்ல இருக்கேன், என் மனைவியும் வீட்ல இருக்காங்க, ஹால்ல கம்ப்யூட்டர் போட இடம் இருக்கு. இதெல்லாம் இருக்குறவன் கண்டிப்பு பத்திப் பேசுறது சுலபம். அந்த 2018 வழக்குல கேட்டாங்களே, கனெக்‌ஷன் குடுக்குறவனே பெத்தவங்களுக்கு ஒரு கன்ட்ரோல் குடுக்கணும்னு, அதைக் கட்டாயம் ஆக்கணும். அது சென்சார் இல்ல, கேக்குற வீட்டுக்கு மட்டும் குடுக்குற ஒரு தாழ்ப்பாள். அதுல நான் முழு சம்மதம்.

பிளஸ் டூ தம்பி, நீங்க சொன்னதை என் பையன்கிட்ட இன்னும் கேக்கல. எப்படிக் கேக்குறதுன்னு தெரியல.

பிளஸ்டூ_முடிச்சவன்

கேக்கும்போது பதிலுக்கு ஒண்ணும் பண்ண மாட்டேன்னு முதல்லயே சொல்லிருங்க சார். அப்புறம் நிஜமாவே ஒண்ணும் பண்ணாதீங்க.

வைகைக்கரை_அம்மா

ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கங்க. டீச்சர் சொன்னபடி 1098க்கு பேசுனோம், போர்ட்டல்லயும் புகார் குடுத்துட்டோம். அந்த ஐடி இப்ப கேம்ல இல்ல. ஆளு யாருன்னு இன்னும் தெரியல. அவுங்க அப்பாட்ட நானே சொன்னேன், பத்து நிமிசம் பேச்சே இல்ல, அப்புறம் பாப்பாட்ட குடுன்னாரு. என்ன பேசுனாங்கன்னு நான் கேக்கல, அவ சிரிச்சது மட்டும் கேட்டுச்சு.

எம்மகட்ட உக்காந்து சொன்னேன், என்ன நடந்தாலும் போன் உன்கிட்டதான் இருக்கும், புடுங்க மாட்டேன், ராத்திரி ஒம்பதரைக்கு மட்டும் அது சமையக்கட்டு அலமாரிக்குப் போயிரும், என் கையும் உன் கையும் அதைத் தொடாதுன்னு. அவ அதுக்கு என்ன சொன்னா தெரியுமா, "நீங்க நாடகம் பாக்குறதும் ஒம்பதரைக்கு நின்னுருமா"ன்னா. நிப்பாட்டிட்டேன்.

தம்பி, ஆபாச சைட் வராம ஏதோ செட்டிங் இருக்காமே, நம்ம போன்லயே பண்ற மாதிரி, அதைத் தமிழ்ல எழுதுங்களேன்.

நெட்வொர்க்_தம்பி

எழுதுறேன்க்கா. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் போய் நெட்வொர்க்னு இருக்குறதுக்குள்ள போங்க, அதுல "பிரைவேட் டிஎன்எஸ்"னு இருக்கும், சில போன்ல கனெக்‌ஷன்ஸ்குள்ள மோர்னு ஒளிஞ்சிருக்கும், மேல தேடுற இடத்துல டிஎன்எஸ்னு இங்கிலீஷ்ல அடிச்சாலும் வந்துரும். அதுல கடைசியா பேரு கேக்குற ஆப்ஷனைத் தொட்டு, ஃபேமிலி டாட் க்ளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ் டாட் காம், இதை இங்கிலீஷ் எழுத்துல இடம் விடாம போட்டு சேவ் பண்ணுங்க. டாட்டுக்குப் புள்ளி, டிஎன்எஸ்க்கு முன்னாடி ஒரு சின்னக் கோடு. பைசா கிடையாது. சிம் நெட்டுக்கும் வைஃபைக்கும் ரெண்டுக்கும் வேலை செய்யும். ஆபாச சைட் பெரும்பாலும் திறக்காது. யூட்யூப்ல தனியா ரெஸ்ட்ரிக்டட் மோட்னு இருக்கு, அதையும் ஆன் பண்ணுங்க.

ஆனா கேம் சாட்டையோ இன்ஸ்டா மெசேஜையோ இது தொடாது. கேம் செட்டிங்க்ஸ்ல தெரியாதவங்க சாட் பண்றதை நிறுத்த பெரும்பாலும் வழி இருக்கும், அதைப் பாப்பாவையே வச்சு நிறுத்துங்க, அவளுக்கு உங்களைவிட நல்லா தெரியும்.

திருப்பூர்_செக்கிங்

தம்பி, என்ற போன்ல தேடித்தேடிப் பாத்துட்டனுங்க, அந்த பிரைவேட் டிஎன்எஸ்ங்கறதே இல்லீங்க. போன் பழசு, செகண்ட்ஸ்ல வாங்குனது. வேற வழி இருக்குதுங்களா?

நெட்வொர்க்_தம்பி

ஆண்ட்ராய்டு 9க்கு முந்தின போனா இருக்கும்க்கா, அதுல அது வராது. அந்த டிஎன்எஸ் குடுக்குற க்ளவுட்ஃப்ளேர் கம்பெனியோட ஆப் ஒண்ணு இருக்கு, அதுல குடும்பத்துக்குன்னு ஒரு ஆப்ஷன் வரும், ஆனா ரொம்பப் பழைய போன்ல அது ஏறுமானு பாக்கணும். உங்க போன் மாடல் என்னன்னு மட்டும் போடுங்க. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதான? அன்னிக்கு சாயங்காலம் இங்க வாங்க, பையனையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க, ஒவ்வொரு ஸ்டெப்பா பாத்துரலாம்.